நான் நிறுத்திய இரண்டு தூண்கள்

படம் எடுக்கிறதுன்னா எடுங்க தம்பி, நான் வேணாம்னா சொல்றேன்? அந்தப் பக்கம் நின்னு எடுக்காதீங்க, வெயில் எதிர்க்க அடிக்கும். இப்படி வாங்க. என்ன முழிக்கிறீங்க, தமிழ்தான் பேசுறேன். நீங்க போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு "டவரே இல்லடா"ன்னு கத்தினது என் கடை வரைக்கும் கேட்டுச்சு. இங்க எடுக்காது. பாலத்துக்குப் போகணும். இந்த ஊர்ப் பொம்பளைக எல்லாம் அந்தப் பாலத்துல நின்னுதான் மலேசியாவுல வேலை பாக்குற மகன்களைத் திட்டுவாளுக.

என் பேரு மீராகனி. சொந்த ஊரு கமுதிப் பக்கம். பினாங்குல பரோட்டா மாஸ்டரா இருந்தேன். இப்ப இந்தோனேசியாவுல, ஆச்சேயில ஒரு மூலையில, இந்த சோட் பாலேங்கிற ஊர்ல, ரோட்டோரமா கடை போட்டிருக்கேன். நான் பரோட்டாங்கிறேன், இவனுக ரோட்டி சானேங்கிறானுக. என்னமோ சொல்லிட்டுப் போறானுக, தின்னா சரி. உக்காருங்க. மாவு ஊறணும், அவசரப்பட்டு வீசினா பிய்யும். அதுவரைக்கும் பேசுவோம். தமிழ் பேசி எம்புட்டு நாளாச்சு. மக பேசுவா, ஆனா அவ தமிழ்லயும் மலாய் வாசம் அடிக்கும்.

காப்பிக் கடையில "இது யார் வீடு"ன்னு கேட்டீங்களாமே. "நியார் வீடு"ன்னு சொன்னானுகளாமே. சொல்லுவானுக. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே கிளாஸ் காப்பியை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறவனுகளுக்கு வேற என்ன வேலை? இத்தனை வருஷமா நானும் இங்க இருக்கேன், எவன் வாயில இருந்தாவது "கனி வீடு"ன்னு வந்திருக்கா? வராது. ஏன் வராதுன்னு சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா? ஆகலையா? நல்லது, அப்ப நியாயமாச் சொல்வீங்க.

நியார் என் பொண்டாட்டி. முழுப்பேரு யுஸ்னியார். பினாங்குல நான் வேலை பாத்த கடையில பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தா. இங்க அப்ப சண்டை. ராணுவமும், தனிநாடு கேட்டுக் காட்டுக்குள்ள இருந்தவுகளும் அடிச்சுக்கிட்டு இருந்த காலம். நியாரோட அண்ணன் காப்பி குடிச்சுட்டு வர்றேன்னு போனவன், வரவே இல்ல. இருந்த ஒரு பொண்ணையாவது காப்பாத்துவோம்னு இவளைப் படகுல ஏத்தி அனுப்பிட்டாக. அவ அம்மாவையும் கூப்பிட்டிருக்காக. அந்தம்மா அசையல. "நான் போனா வீட்டை யாரு பாக்குறது"ன்னு கேட்டுச்சாம். ஊர்ல பாதி ஆம்பளைகளைக் காணோம், பள்ளிக்கூடத்தைக் கொளுத்தியாச்சு, வயலெல்லாம் புல்லு மண்டிக் கிடக்கு. பொம்பளைக மட்டும் வீட்டுக்கு வீடு விளக்கை ஏத்திக்கிட்டு உக்காந்திருந்தாளுகளாம். பைத்தியக்காரத்தனம் பாருங்க. உசுரு பெருசா, மரவீடு பெருசா?

சமாதானம் ஆனதும் நியார் "ஊருக்குப் போவோம்"னா. நானும் கைப்பிள்ளையா இருந்த மகளைத் தூக்கிக்கிட்டுக் கூட வந்தேன். வந்தேன்னா, வீட்டோட மாப்பிள்ளையா வரல. அதைத் தெளிவாப் புரிஞ்சுக்கோங்க. பாத்துட்டுப் போவோம்னு வந்தேன், தண்ணி பிடிச்சுப் போச்சு, தங்கிட்டேன். அதுக்குப் பேரு வீட்டோட மாப்பிள்ளை இல்ல. கமுதியில என் தம்பி அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரியுறானாம். அவன் கிடக்கான்.

எனக்கு இங்க இருந்த மரியாதையைச் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. நான் படியேறின அன்னிக்கே மாமனார் என்ன செஞ்சாக தெரியுமா? வீட்டுக்கு நடுவுல ஒரு பெரிய அறை இருக்கு, வீட்டுக்கு உரியவுக படுக்கிற அறை. அதுக்குள்ள போனாக, தன் பாயைச் சுருட்டினாக, தலையணையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுப் பின்னாடி அடுப்படிக்குப் போயிட்டாக. மாமியும் பின்னாலயே போச்சு. எனக்கு ஒரே சங்கடமாப் போச்சு. "என்ன மாமா, எனக்காகவா இதெல்லாம்"னு கேட்டேன். "அடுப்புப் பக்கம் கதகதன்னு இருக்கும், வயசானவனுக்கு அதான் நல்லது"ன்னாக. கமுதிக்காரன்னா அவ்வளவு மரியாதை! என்னைப் பெத்த அத்தா கூட எனக்காகப் பாயைச் சுருட்டினதில்ல. கடைசி வரைக்கும் மாமா அந்த அடுப்படியிலயேதான் இருந்தாக, அங்கயேதான் மவுத்தும் ஆனாக. தங்கமான மனுசன். ஒரு குறை சொன்னதில்ல. நானும் அவுக மனசு கோணக்கூடாதுன்னு அந்தப் பெரிய அறையை வேணாம்னு சொல்லல.

அதுக்காக நான் சும்மா உக்காந்து தின்னேன்னு நினைச்சுறாதீங்க. வயல் வேலை எனக்கு வராது, அது உண்மை. இங்க வயலுக்கு ஆயிரம் சட்டம். தண்ணிக்குன்னு ஒரு பெரியவர் இருக்காரு, அவரு சொன்னாத்தான் மடை திறக்கும். வெள்ளிக்கிழமை வயல்ல காலை வைக்கக்கூடாது. தெரியாம ஒரு வெள்ளிக்கிழமை மண்வெட்டியைத் தூக்கிக்கிட்டு இறங்கிட்டேன், அந்த வருஷம் எலி வந்ததுக்குக் காரணம் நான்தான்னு இன்னைக்கும் சொல்றானுக. எலிக்கு என்ன கிழமை தெரியும்? அதான் வயலை விட்டுட்டு அடுப்பைப் பிடிச்சேன். கரண்டு போயிப் போயி வரும், மழைக்காலத்துல ரோடு குளமாயிரும், ஆனா என் கடை அடுப்பு ஒருநாள் அணைஞ்சதில்ல.

வீட்டையும் பாத்துக்கிட்டேன். நல்லாப் பாருங்க இந்த வீட்டை. ஆள் உயரத்துக்குத் தூக்கி நிக்குதா? கீழ ஆடு படுத்துக்கலாம், நெல்லு மூட்டை போடலாம், பொம்பளைக உக்காந்து பாக்கு சீவலாம். முழுக்க மரம். ஒரு ஆணி கிடையாது. தூண்ல துளை போட்டு, உத்தரத்தைச் சொருகி, ஆப்பு அடிச்சு இறுக்கியிருக்கு. தூணும் மண்ணுக்குள்ள போகல, கல்லு மேலதான் உக்காந்திருக்கு. ஆப்பைத் தட்டி எடுத்தா மொத்த வீட்டையும் பிரிச்சுக் கொண்டுபோய் இன்னொரு ஊர்ல மாட்டிரலாம். இங்க அப்படிக் கொண்டுபோயிருக்காக.

வடக்கு மூலையில ரெண்டு தூணைக் கரையான் அரிச்சுப் போச்சு. யாரு மாத்தினா? நான். மரம் தேடி அலைஞ்சு, செதுக்கி, ஊர்க்காரவுகளைக் கூப்பிட்டு நிறுத்தினேன். கூரையில ரும்பியான்னு ஒரு பனை, அதோட ஓலையைப் பின்னிப் போட்டிருந்தாக. அதைப் பிரிச்சு எறிஞ்சுட்டுப் பளபளன்னு தகரம் போட்டேன். "உள்ள வேகும்"னா நியார். வெந்தா என்ன? மழை பெய்ஞ்சா தகரத்துல தடதடன்னு சத்தம், அவ பேசுறது ஒண்ணும் கேக்காது. ஆம்பளைக்கு வீட்டுக்குள்ள அந்த நிம்மதியாவது வேணும்ல. அப்ப இருந்த மரப்படியும் நான் செஞ்சதுதான். இப்ப சொல்லுங்க, தூணு என்னோடது, கூரை என்னோடது, படி என்னோடது, அப்ப வீடு யாரோடது?

விஷயத்துக்கு வர்றேன். மக மெகர்பானுவுக்கு அடுத்த வாரம் கல்யாணம். பானு இந்த ஊர் சுகாதார நிலையத்துல நர்சு. எந்நேரம் கூப்பிட்டாலும் டார்ச்சைத் தூக்கிக்கிட்டுப் பிரசவம் பாக்கக் கிளம்பிருவா. அந்தத் துணிச்சல் என்கிட்ட இருந்து போனது. மாப்பிள்ளை இர்வான், நெல்லு அறுக்கிற மிஷின் ஓட்டுறவன். நல்ல பய. வாயைத் திறக்க மாட்டான், அது ஒண்ணுதான் குறை.

பேசி முடிச்ச மறுநாள் நியார் பாக்கு சீவிக்கிட்டே சொல்றா, ஏதோ மிளகாய் வாங்கிட்டு வாங்கன்னு சொல்ற மாதிரி: "பானு அத்தா, பெரிய அறையைக் காலி பண்ணணும். வீடு இனி பானுவுக்கு. நீங்களும் நானும் பின்னாடி அடுப்படிக்கு."

எனக்குப் புரியவே இல்ல தம்பி. யாரு போறது, எங்க போறதுன்னு ரெண்டு தடவை கேட்டேன்.

"எங்க அம்மாவுக்கு அவுக அம்மா கொடுத்தாக. எனக்கு எங்க அம்மா கொடுத்துச்சு. நான் என் மகளுக்குக் கொடுக்கிறேன். இதுல கேக்க என்ன இருக்கு?"ங்கிறா.

"எங்க ஊர்ல பொண்ணுதான் போவா, மாப்பிள்ளை வரமாட்டான்"னேன்.

"ஆம்பளை போயிருவான். வீடும் அவனோட போயிருச்சுன்னா பிள்ளைக எங்க நிக்கும்?"

"நான் எங்கடி போனேன்? இங்கதானே நிக்கிறேன்!"

பாக்கை எடுத்துக்கிட்டு வெயில்ல காயப்போடப் போயிட்டா. என் மானம் அங்க காயுது, இவ பாக்கைக் காயப்போடுறா. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. இந்த வயசுல நான் பாயைச் சுருட்டிக்கிட்டு அடுப்படிக்குப் போறதா? நேத்து வந்த மிஷின்காரன் என் அறையில காலை நீட்டிப் படுக்கிறதா? எந்த ஊர்லயாவது நடக்குமா இப்படி ஒரு அநியாயம்?

மககிட்ட போனேன். அவளுக்குத் தமிழ் புரியும், தமிழ்லயே சொன்னேன். "நீ இர்வான் வீட்டுக்குப் போம்மா. அதான் முறை. என் தங்கச்சி, உன் மாமி ஜெய்த்தூன் கல்யாணத்தன்னைக்குக் கார்ல ஏறும்போது அழுத அழுகையில தெருவே அழுதுச்சு. எங்க அத்தா ஒரு வாரம் சாப்பிடல. அப்படி இருக்கணும் கல்யாணம்னா."

பானு என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. "அத்தா, என்னை வெளியே அனுப்புறதுக்கு உங்களுக்கு அவ்வளவு ஆசையா?"

பதறிப் போயிட்டேன். ஆசையா? இவ வேலை முடிஞ்சு வர நேரமானா எனக்குச் சோறு இறங்காது. "ஆசை இல்லம்மா, முறை"ன்னேன்.

"இர்வான் வீட்டுல மூணு பொண்ணுக அத்தா. வீடு அதுகளுக்கு. அங்க இர்வானுக்கே இடம் இல்ல, எனக்கு எங்க இருக்கும்?"னுட்டுப் பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. என் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாம ஓடிட்டா, பாத்தீங்களா.

நானும் விடல. தலையணையை எடுத்துக்கிட்டு மெனாசாவுக்குப் போயிட்டேன். மெனாசான்னா, நம்ம ஊர்ச் சின்னப் பள்ளிவாசல் மாதிரி. தொழுகையும் அங்கதான், ஊர்க்கூட்டமும் அங்கதான், வீட்டுல சண்டை போட்ட ஆம்பளைக படுக்கிறதும் அங்கதான். போய்ப் பாத்தா எனக்கு முன்னாடியே ரெண்டு பேரு படுத்திருக்கானுக. நான் எதுக்கு வந்தேன்னு எவனும் கேக்கல. நகந்து இடம் விட்டானுக.

நான் கூட்டம் போடச் சொன்னேன். கெச்சி வந்தாக. கெச்சின்னா ஊர்த்தலைவரு. கூட நாலு பெரியவுக. காப்பி வந்துச்சு, அவிச்ச வாழைப்பழம் வந்துச்சு. என் வழக்கைச் சொன்னேன். ஒரு குறையும் வைக்காம, நான் கமுதியில பிறந்ததுல இருந்து சொன்னேன். பொறுமையாக் கேட்டாக, அதை மறுக்க மாட்டேன். ஒரு பெரியவர் தூங்கிட்டாரு, அது வயசு.

"வீட்டைப் பத்திப் பேச எதுவும் இல்ல கனி. அது நியார் வீடு. அவ யாருக்குக் கொடுக்கிறாளோ அவளோடது"ன்னாக கெச்சி.

"அப்ப நான் போட்டது? ரெண்டு தூணு, கூரைத் தகரம், படி. என்னோடதை எனக்குக் கொடுங்க!"ன்னு தரையில அடிச்சுச் சொன்னேன்.

தூங்கிக்கிட்டு இருந்தவரு கூட முழிச்சுட்டாரு. ஏன்னா இந்த ஊர்ல புருசன் போட்டது எது, பொண்டாட்டிக்கு வந்தது எதுன்னு பிரிச்சுக் கேக்குறது தலாக் ஆகும்போது மட்டும்தான். சேர்ந்து வாழுற எவனும் இதுவரைக்கும் மெனாசாவுல வந்து அப்படிக் கேட்டதில்ல. அது எனக்கு எப்படித் தெரியும்? நான் தலாக் பண்ணியா பழகியிருக்கேன்?

கெச்சி மெதுவாக் கேட்டாக. "நியாரை விடப் போறியா கனி?"

"யாரு சொன்னா? எனக்கு நியாரும் வேணும், தூணும் வேணும்!"

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துக்கிட்டாக. அவுக வழக்கத்துல இதுக்கு வழி இல்ல. நான் கேட்ட கேள்வியில சட்டமே முட்டிக்கிட்டு நின்னுருச்சு தம்பி, அதுல எனக்குக் கொஞ்சம் பெருமைதான். கடைசியில நியாரைக் கேப்போம்னு ஆள் அனுப்பினாக. அவ என்ன சொன்னாளாம் தெரியுமா? "அவரு என்னை விட்டுப் போறேன்னு சொன்னாரா?"ன்னு கேட்டாளாம். இல்லன்னாகளாம். "அப்ப சரி. தூணு அவரோடதுதான். சனிக்கிழமை எல்லாரும் வந்து கழட்டிக் கொடுங்க, கறி ஆக்குறேன்"னுட்டாளாம்.

கெஞ்சுவான்னு பாத்தேன். நீங்களா இருந்தாலும் அப்படித்தானே நினைப்பீங்க? தூணை எடுத்தா வீடு சாயும், தகரத்தை எடுத்தா மழை ஒழுகும், கல்யாணம் வேற நெருங்குது, ஓடி வருவா, "பானு அத்தா, நீங்க பெரிய அறையிலயே இருங்க"ன்னு சொல்லுவா. அதான் என் கணக்கு. அந்த வாரம் பூரா நியாரும் பக்கத்து வீட்டுப் பொம்பளைகளும் வீட்டுக்கு அடியில உக்காந்து ரும்பியா ஓலையைப் பின்னிக்கிட்டே இருந்தாளுக. கல்யாணப் பந்தலுக்குன்னு நினைச்சுக்கிட்டேன். கடையில இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

சனிக்கிழமை விடிஞ்சு பாத்தா ஊரே வாசல்ல நிக்குது. ஆளுக்கு ஒரு மரச் சுத்தியல், கயிறு, முட்டுக் கொடுக்கக் கட்டை. ஒரு பக்கம் பெரிய அண்டாவுல பலாக்காயும் கறியும் கொதிக்குது. துக்க வீட்டுக்கு வந்த முகம் ஒண்ணு இல்ல. திருவிழாவுக்கு வந்த மாதிரி வந்திருக்கானுக. ஒருத்தன் என்கிட்ட வந்து, "கனி அண்ணே, கறிக்கு உங்க ரோட்டி இருந்தா நல்லா இருக்கும்"ங்கிறான். என் வீட்டைப் பிரிக்க வந்தவன்! அறைஞ்சுருப்பேன். ஆனா வீட்டு வாசலுக்கு வந்தவுகளுக்கு இல்லன்னு சொல்ற பழக்கம் எங்க குடும்பத்துல இல்ல. பரோட்டாக் கல்லைத் தூக்கிட்டு வந்து போட்டேன். வீசுறேன், மடிக்கிறேன், போடுறேன். தலைக்கு மேல என் தகரத்தை ஒண்ணொண்ணா இறக்குறானுக, கீழ நான் அவனுகளுக்குப் பரோட்டா போட்டுக்கிட்டு இருக்கேன். எவனுக்காவது இந்தப் பெருந்தன்மை வருமா சொல்லுங்க.

அப்புறம் தூணு. முட்டுக் கொடுத்துட்டு ஆப்பைத் தட்டினானுக. வீடு ஒரு சத்தம் போட்டுச்சு தம்பி. மரம் போட்ட சத்தம்தான். மேல பானு இருக்கா. "இறங்கும்மா, இறங்கும்மா"ன்னு கத்துறேன். அவ ஜன்னல்ல இருந்து எட்டிப் பாத்து, "அத்தா, ரோட்டி கருகுது"ங்கிறா. கருகட்டும்! கரண்டியைப் போட்டுட்டு ஓடிப்போய் உத்தரத்துக்கு அடியில என் தோளைக் கொடுத்தேன். பக்கத்துல இன்னொரு தோள் வந்து நின்னுச்சு. இர்வான். என் தூணு ரெண்டையும் உருவி எடுக்கிற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னோம். கழட்டுங்கடான்னு சொன்னவனும் நான்தான். விழுந்துறக்கூடாதேன்னு தாங்கினவனும் நான்தான். அதை எவனாவது காப்பிக் கடையில பேசுறானா?

எடுத்த இடத்துல புதுசா ரெண்டு தூணு வந்துச்சு. இர்வான் அவன் மாமா தோட்டத்துல வெட்டிச் செதுக்கி வச்சிருந்திருக்கான். வாய் பேசாத பய என்ன வேலை பாத்திருக்கான் பாருங்க. மேல ஓலை ஏறுச்சு. புதுப் படி வந்துச்சு. அசர் தொழுகைக்கு முன்னாடி எல்லாம் முடிஞ்சு போச்சு. வீடு முன்ன எப்படி நின்னுச்சோ அப்படியே நிக்குது, ஒரு இம்மி சாயல.

நான் சுத்திச் சுத்தி வந்தேன். என் கை பட்ட இடம் எங்கயாவது இருக்கான்னு தேடினேன். இல்ல. ஒரு ஆப்பு கூட இல்ல. நான் இந்த ஊருக்கு வராமலே இருந்திருந்தா இந்த வீடு எப்படி இருக்குமோ அப்படி இருந்துச்சு. என் தூணும், தகரமும், படியும் முற்றத்துல அழகா அடுக்கி இருந்துச்சு. கெச்சி வந்து, "சரி பாத்துக்க கனி, ஒண்ணும் குறையக்கூடாது"ன்னு சொல்லி, சலாம் கொடுத்துட்டுப் போயிட்டாக. எல்லாரும் வரிசையா வந்து சலாம் கொடுத்துட்டுத்தான் போனாக.

ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? ஜெயிச்சது யாரு? நான் என்ன கேட்டேன், என்னோடதைக் கேட்டேன். கொடுத்தாகளா, கொடுத்தாக. ஒரு வெளியூர்க்காரன் தனியா நின்னு இந்த ஊர் மெனாசாவையே பணிய வச்சிருக்கேன்.

அந்தத் தகரத்தையும் தூணையும் வச்சு என் வீட்டை நானே கட்டினேன். அதோ தெரியுது பாருங்க. எங்க கட்டுறதுன்னு யோசிச்சேன். முன்னாடி பாக்கு காயுது. ரோட்டுப் பக்கம் கடை. இந்தப் பக்கம் வாழை, அந்தப் பக்கம் மாமா மாமி கபுரு. பின்னாடிதான் காலியாக் கிடந்துச்சு, அடுப்படிக்குப் பின்னாடி. மண்ணு நியாரோடதுதான். அதனால என்ன, மண்ணு எல்லாம் அல்லாவோடது. சில பேரு சிரிக்கிறானுக. "நியார் போகச் சொன்ன இடத்துக்குத்தானே போயிருக்க"ங்கிறானுக. அறிவு கெட்டவனுக. அவ சொன்னது அடுப்படி. இது அடுப்படிக்குப் பின்னாடி. நடுவுல ஒரு முழம் இடைவெளி விட்டிருக்கேன். போய் வேணும்னா கையை விட்டுப் பாருங்க.

வீட்டுக்கு நாலு தூணாவது வேணும், என்கிட்ட ரெண்டுதான். யார்கிட்டயும் கேக்கல. இர்வான்தான் மறுநாள் காலையிலயே ரெண்டு தூணைத் தோள்ல வச்சுக்கிட்டு வந்து நின்னான். "மிஞ்சிப் போச்சு மாமா"ன்னான். எங்க மிஞ்சுச்சு? புதுசா வெட்டின மரம், பால் கூட காயல. நானும் கேக்கல. சட்டையைக் கழட்டிட்டு வேலையில இறங்கிட்டான். பாதியில நிமிந்து, "மாமா, வாசல் எந்தப் பக்கம் வைக்கணும்?"னு கேட்டான். இந்த ஊருக்கு வந்த நாள்ல இருந்து ஒரு ஆளு என்கிட்ட அப்படிக் கேட்டதில்ல தம்பி. கிழக்கன்னேன். "கிழக்க வச்சா நேரா மாமியோட அடுப்படிக் கதவைப் பாக்குமே"ன்னான். பாத்தா பாக்கட்டும், எனக்கு யாருக்கும் பயம் இல்ல. கிழக்கயே வைடான்னுட்டேன். நல்ல பயதான், முன்னாடியே சொன்னேன்ல.

கட்டி முடிச்சு உள்ள போய் உக்காந்தேன். என் தகரம், என் தூணு, என் படி. கொதிக்கிது உள்ள, அதை விடுங்க. பெரிய வீட்டுல கல்யாண அறைக்கு ஜோடிக்கிறதுக்குப் பொம்பளைக வந்துட்டாளுக. ஜரிகைத் துணி, தோரணம், ஒரே சிரிப்புச் சத்தம். எனக்கு இங்க பேச ஆள் இல்ல. மெனாசாவுலயாவது ரெண்டு பேரு குறட்டை விட்டானுக. ஒரு வீடு இவ்வளவு அமைதியா இருக்கும்னு நான் நினைச்சே பாத்ததில்ல. மழை கூட பெய்யல.

முந்தாநாள் அசர் முடிஞ்சு உக்காந்திருக்கேன். அடுப்படிக் கதவு திறக்குது. நியார் வர்றா. ஒரு கையில துணி மூட்டை, இன்னொரு கையில சோத்துச் சட்டி. வந்தவ நேரா உள்ள வரல தம்பி. படிக்குக் கீழ நின்னா. தலை முக்காட்டைச் சரி பண்ணிக்கிட்டு, வேத்து ஆளு வீட்டுக்கு வந்த மாதிரி சலாம் சொன்னா. "இது உங்க வீடு. நான் உள்ள வரலாமா?"ன்னு கேட்டா.

அவ வாயில இருந்து அந்த வார்த்தை வந்துச்சு. வேணாம்னு சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பா? ஒண்ணும் இல்ல, திரும்பிப் போயிருப்பா. எதுத்தாப்ல மக இருக்கா, மக வீடு இருக்கு, ஊரு இருக்கு, அவளைக் கேக்க நூறு பேரு இருக்காக. எனக்கு அவ கையில இருந்த அந்தச் சோத்துச் சட்டியைத் தவிர இந்த நாட்டுல என்ன இருக்குன்னு நினைச்சேன். அவளும் அவசரப்படல. வெயில்ல நின்னுக்கிட்டே இருந்தா.

அப்புறம் "வா"ன்னேன். நான் வான்னு சொன்ன பிறகுதான் தம்பி அவ காலைத் தூக்கிப் படியில வச்சா. நீங்க ஊருக்குப் போய் யார்கிட்ட என்ன சொன்னாலும் சொல்லுங்க, அதை மட்டும் விட்டுறாதீங்க.